குவாண்டம் சூழல்சார்பைச் சோதிப்பது எப்படி: சதுரம் வரைவதிலிருந்து முடிவு எழுதுவது வரை

ஒரு கல்லின் எடையை அதன் நிறத்தோடு சேர்த்துக் குறித்தாலும், வெப்பநிலையோடு சேர்த்துக் குறித்தாலும் எடை ஒன்றுதான். யாரும் இதை ஒரு கொள்கையாக எடுத்துச் சொல்வதுகூட இல்லை, அவ்வளவு இயல்பான எதிர்பார்ப்பு. குவாண்டம் இயற்பியலில் இது செல்லாது. கூட எதை அளக்கிறோம் என்பதைப் பார்க்காமல், எல்லா அளவீடுகளுக்கும் விடையை முன்கூட்டியே எழுதிவைக்க அங்கே வழியில்லை. இதற்குத்தான் சூழல்சார்பு, அதாவது கான்டெக்ஸ்சுவாலிட்டி என்று பெயர். சேர்த்து அளக்கக்கூடிய அளவீடுகளின் ஒரு தொகுப்பைச் 'சூழல்' என்கிறோம்.

ஜான் பெல் 1966-லும், சைமன் கோச்செனும் எர்ன்ஸ்ட் ஸ்பெக்கரும் 1967-லும் இதைக் கணிதமாக நிறுவினார்கள். கோச்சென், ஸ்பெக்கர் தந்த நிரூபணத்துக்கு முப்பரிமாணத்தில் 117 திசைகள் தேவைப்பட்டன. பிறகு வந்தவர்கள் அதை 31 ஆகக் குறைத்தார்கள். நான்கு பரிமாணத்தில் 18 திசைகளே போதும் என்று 1996-ல் அடான் கபெலோவும் கூட்டாளிகளும் காட்டினார்கள். காகிதத்தில் எல்லாம் அழகுதான். ஆனால் அதை ஆய்வகத்தில் சோதிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவர இன்னும் பத்தாண்டுக்கு மேல் ஆனது.

கியூபிட் என்றால் என்ன, இரண்டு அணிகளை எப்படிப் பெருக்குவது என்பது தெரிந்தவர்களுக்காக இந்த வழிகாட்டி. ஆய்வகம் இல்லாவிட்டால் பரவாயில்லை. இணையம் வழியாகக் கிடைக்கும் குவாண்டம் கணினிகளிலும் இந்தப் படிகளைச் செய்து பார்க்கலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமனிலியை, அதாவது முன்பே எழுதிவைத்த விடைகள் தாண்ட முடியாத எல்லையை, மீறிக் காட்டுவது இப்போது பெரிய வேலை இல்லை. இரண்டு சூழல்களில் வரும் 'அதே அளவீடு' உண்மையிலேயே அதே அளவீடுதான் என்று காட்டுவதில்தான் உழைப்பெல்லாம் போகும்.

படி 1: எந்தச் சோதனை?

நடைமுறையில் இரண்டு வழிகள் அதிகம் கையாளப்படுகின்றன.

முதலாவது, க்லியாச்கோவும் மூன்று கூட்டாளிகளும் 2008-ல் வெளியிட்ட ஐங்கோணச் சமனிலி. மூன்று நிலைகள் கொண்ட ஒரே ஒரு அமைப்பு போதும். ஐந்து அளவீடுகளை வட்டமாக அடுக்கிக்கொள்ள வேண்டும், பக்கத்துப் பக்கத்து ஜோடிகளை மட்டும் சேர்த்து அளக்கலாம். ஒவ்வொன்றுக்கும் +1 அல்லது −1 என்று விடையை முன்பே எழுதிவைத்திருந்தால், ஐந்து ஜோடிப் பெருக்கல்களின் சராசரிகளைக் கூட்டினால் −3-க்குக் கீழே போகாது. குவாண்டம் கணக்கு சுமார் −3.944 வரை இறங்கும். மூன்று நிலை அமைப்பைப் பின்னலான (என்டாங்கிள்மென்ட், அதாவது குவாண்டம் பிணைப்பு கொண்ட) இரண்டு துகள்களாகப் பிரிக்க முடியாது என்பதால், 'இது பின்னலின் வேலை' என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. அதுதான் இதன் கவர்ச்சி. ஆனால் தொடக்க நிலையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால்தான் மீறல் கிடைக்கும்.

இரண்டாவது, ஆஷர் பெரெஸும் டேவிட் மெர்மினும் 1990 வாக்கில் கண்டுபிடித்த ஒன்பது கட்டச் சதுரம். இரண்டு கியூபிட்கள் வேண்டும். எந்த நிலையில் தொடங்கினாலும் மீறல் வரும். நீங்கள் முதல்முறையாகச் செய்கிறீர்கள் என்றால் இதையே எடுங்கள். கணக்கைக் கையாலேயே சரிபார்த்துவிடலாம், தவறு எங்கே என்பதும் சீக்கிரம் தெரிந்துவிடும். இனி வருவதெல்லாம் சதுரத்தைப் பற்றித்தான்.

படி 2: சதுரத்தைக் கையால் போட்டுப் பாருங்கள்

ஒரு கியூபிட்டின் மூன்று அடிப்படை அளவீடுகளைக் குறிக்கும் பௌலி அணிகள் எக்ஸ், ஒய், இசட் மூன்றையும் எ, ஒ, இ என்று சுருக்கிக்கொள்வோம். முதல் எழுத்து முதல் கியூபிட்டுக்கு, இரண்டாவது எழுத்து இரண்டாவது கியூபிட்டுக்கு. 0 என்றால் அந்தக் கியூபிட்டைத் தொடவில்லை என்று பொருள்.

இ0 | 0இ | இஇ
0எ | எ0 | எஎ
இஎ | எஇ | ஒஒ

எந்த வரிசையை (இடமிருந்து வலம்) எடுத்தாலும், எந்த நிரையை (மேலிருந்து கீழ்) எடுத்தாலும், அதிலுள்ள மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். அதாவது எந்த ஒழுங்கில் அளந்தாலும் ஒன்று மற்றொன்றைக் கலைக்காது. ஆக ஆறு சூழல்கள், ஒவ்வொரு அளவீடும் இரண்டு சூழல்களில் வரும்.

இப்போது பெருக்குங்கள். மூன்று வரிசைகளுக்கும் பெருக்கல் +1. முதல் இரண்டு நிரைகளுக்கும் +1. கடைசி நிரையில் மட்டும் கவனம் தேவை. இசட்டை எக்ஸால் பெருக்கினால் கற்பனை எண் ஐ பெருக்கல் ஒய் வரும். இரண்டு கியூபிட்டிலும் அதே நடப்பதால் ஐ-யின் வர்க்கமான −1 வெளியே வந்து நிற்கும். எனவே இஇ, எஎ, ஒஒ மூன்றின் பெருக்கல் −1.

சரி, இந்த ஒன்பது கட்டங்களையும் +1, −1 என்று நிரப்பப் பாருங்கள். வரிசை வரிசையாகப் பெருக்கினால் ஒன்பது எண்களின் மொத்தப் பெருக்கல் +1 வர வேண்டும். நிரை நிரையாகப் பெருக்கினால் அதே ஒன்பது எண்களுக்கு −1 வர வேண்டும். நடக்காது. மிஞ்சிப்போனால் ஆறில் ஐந்து நிபந்தனைகளை நிறைவேற்றலாம், ஆறாவது கட்டாயம் உடையும். முழு நிரூபணமும் இவ்வளவுதான். இதை நான்கைந்து தடவை பென்சிலால் முயன்று தோற்றுப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பின்னால் சுற்றுகளில் (சர்க்யூட்) குறிப் பிழை வரும்போது இந்தப் பழக்கம்தான் காப்பாற்றும்.

படி 3: சமனிலியும் பிழைக்கான இடமும்

கருவிகள் பிசகாமல் இருப்பதில்லை, அதனால் 'முடியும், முடியாது' என்ற வாதம் ஆய்வகத்தில் செல்லாது. கபெலோ 2008-ல் இதைச் சராசரிகளின் சமனிலியாக மாற்றினார். ஐந்து சூழல்களின் பெருக்கல் சராசரிகளைக் கூட்டி, கடைசி நிரையின் சராசரியைக் கழியுங்கள். விடைகள் முன்பே எழுதப்பட்டிருந்தால் இந்தத் தொகை 4-ஐத் தாண்டாது. குவாண்டம் கணக்கு 6 என்கிறது.

4-க்கும் 6-க்கும் நடுவில் எவ்வளவு பிழை தாங்கும்? ஒவ்வொரு சூழலிலும் மூன்று அளவீடுகள். ஒவ்வொன்றும் தனித்தனியாக 5 சதவீதம் தவறாக விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சூழலின் சராசரி 0.9-இன் கனம், அதாவது 0.729. ஆறு சூழலுக்கும் சேர்த்து 4.37. மீறல்தான், ஆனால் மூச்சு முட்டும். பிழை 2 சதவீதமாக இருந்தால் 5.31 வரும். பிழை 6.3 சதவீதத்தை எட்டினால் தொகை 4-லேயே நின்றுவிடும். ஆகவே ஒரு முழு அளவீட்டுக்கு, அதாவது அதிலுள்ள வாயில்கள் (கியூபிட்டை மாற்றும் செயல்கள்), வாசிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து, 3 சதவீதத்துக்குள் பிழை இருக்கும் கருவியைத் தேடுங்கள். வெறும் வாசிப்புப் பிழையை மட்டும் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துபோவீர்கள்.

படி 4: ஒரு அளவீட்டுக்கு ஒரே ஒரு சுற்று

இந்தப் படியில்தான் பெரும்பாலான முயற்சிகள் சத்தமில்லாமல் தோற்கின்றன.

குறுக்குவழி இப்படி ஆசைகாட்டும்: முதல் வரிசைக்கு இரண்டு கியூபிட்களையும் இசட் அச்சில் அளந்துவிடு, இ0-வும் 0இ-யும் கிடைத்துவிட்டன, இரண்டையும் பெருக்கினால் இஇ. கடைசி நிரைக்குப் பெல் அளவீடு (இரண்டு கியூபிட்களையும் பின்னும் வாயிலால் சேர்த்து அளப்பது) ஒன்றைச் செய், இஇ-யும் எஎ-வும் கிடைக்கும், ஒஒ-வைக் கணக்கிட்டுக்கொள்.

இதில் இரண்டு கோளாறுகள். முதலாவது, இஇ என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்றில் தனித்தனி வாசிப்பு, மற்றதில் பின்னும் வாயிலுக்குப் பிறகு வாசிப்பு. சூழல் மாறும்போது அளவீட்டையே மாற்றிவிட்டு, 'சூழலால் விடை மாறுகிறது' என்று சொல்வதில் என்ன ஆச்சரியம் இருக்கிறது? இரண்டாவது கோளாறு இன்னும் மோசம். மூன்றாவது விடையை மற்ற இரண்டிலிருந்து கணக்கிட்டால் பெருக்கல் தானாகவே சரியாக வந்துவிடும். கருவி பழுதடைந்து கண்டபடி எண்களைக் கக்கினாலும் தொகை 6 என்றே வரும். எப்போதாவது 6.000 என்று முடிவு கிடைத்தால் கொண்டாடாதீர்கள், நிரலைத் திறந்து பாருங்கள்.

சரியான வழி, ஒன்பது அளவீடுகளுக்கும் ஒன்பது தனிச் சுற்றுகளை எழுதி, அவற்றை எந்தச் சூழலிலும் மாற்றாமல் அப்படியே அடுக்குவது. துணைக் கியூபிட் ஒன்றை வைத்து இதைச் செய்யலாம். இஎ-யை எடுத்துக்கொள்ளுங்கள். துணைக் கியூபிட்டைப் பூஜ்ய நிலையில் வைத்து ஹடமார்டு வாயில் (0-ஐயும் 1-ஐயும் சம அளவில் மேற்பொருத்துவது) போடுங்கள். அதைக் கட்டுப்படுத்தியாக வைத்து முதல் கியூபிட்டுக்கு இசட், இரண்டாவதுக்கு எக்ஸ். மறுபடி துணைக் கியூபிட்டில் ஒரு ஹடமார்டு. அப்புறம் துணைக் கியூபிட்டை மட்டும் வாசியுங்கள். 0 வந்தால் +1, 1 வந்தால் −1. இரண்டு முதன்மைக் கியூபிட்களும் தனித்தனியாக எப்படி இருக்கின்றன என்ற தகவல் வெளியே வராது, அவற்றின் கூட்டு விடை மட்டுமே வரும். ஒஒ-க்கு இரண்டு இடத்திலும் ஒய். இ0-க்கு ஒரே ஒரு கட்டுப்படுத்திய இசட். வாசித்த துணைக் கியூபிட்டை மீண்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து அடுத்த அளவீட்டுக்குப் பயன்படுத்தலாம், அல்லது மூன்று துணைக் கியூபிட்களை வைத்துக்கொள்ளலாம். மூன்று வைத்தால், எந்த அளவீடு எந்தத் துணையைப் பயன்படுத்துகிறது என்பது சூழலுக்கேற்ப மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணையக் குவாண்டம் கணினியில் செய்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நீங்கள் எழுதிய சுற்று அப்படியே கருவியில் ஓடாது. இடையில் இருக்கும் தொகுப்பி (கம்பைலர்) அதைச் சுருக்கும், அடுத்தடுத்து வரும் வாயில்களை ஒன்றாக்கும், எந்த இயற்பியல் கியூபிட்டைப் பயன்படுத்துவது என்பதையும் தானே முடிவு செய்யும். இஎ-க்குப் பின்னால் எஇ வந்தால் ஒருவிதமாகவும், இ0 வந்தால் வேறுவிதமாகவும் சுருக்கும். நீங்கள் கவனமாக ஒரே சுற்றாக எழுதியதை அது சூழல் பார்த்து மாற்றிவிடும். கிஸ்கிட் போன்ற குவாண்டம் நிரல் தொகுப்புகளில் ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்னும் பின்னும் 'பேரியர்' (தாண்டி ஒன்றாக்காதே என்று தொகுப்பிக்குச் சொல்லும் தடுப்பு) வையுங்கள், கியூபிட் ஒதுக்கீட்டை நீங்களே நிர்ணயுங்கள், உகப்பாக்கத்தைக் குறைந்த மட்டத்தில் வையுங்கள். தொகுத்த பிறகு வரும் சுற்றை எடுத்து, இஎ வரும் இரண்டு சூழல்களிலும் வாயில் வாயிலாக ஒப்பிட்டுப் பாருங்கள். சலிப்பான வேலைதான். இதைச் செய்யாமல் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை.

அயனிகளை மின்புலத்தில் பிடித்துவைக்கும் அயனிப் பொறியில் இதே காரியத்தை ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் குழு 2009-ல் செய்த விதம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது. கால்சியம்-40 அயனிகள் இரண்டு. கூட்டு அளவீடு ஒன்றைச் செய்ய, முதலில் பின்னும் வாயில் ஒன்றால் அந்தக் கூட்டு விடையை ஒரே அயனியின் மீது கொண்டுவந்து சேர்ப்பார்கள். மற்ற அயனியை, லேசர் தொடாத வேறு ஆற்றல் மட்டத்தில் ஒளித்துவைப்பார்கள். பிறகு 397 நானோமீட்டர் ஒளி. அயனி ஒளிர்ந்தால் ஒரு விடை, இருண்டிருந்தால் இன்னொரு விடை. ஒளித்ததை வெளியே எடுத்து, வாயிலைப் பின்னோக்கி ஓட்டினால் அடுத்த அளவீட்டுக்குத் தயார். ஒன்பதுக்கும் இதே முறை. அவர்களுக்குக் கிடைத்த தொகை 5.46, பிழை எல்லை 0.04.

படி 5: நிலைகளும் ஒழுங்கும்

எந்த நிலையில் தொடங்கினாலும் மீறல் வரும் என்பதுதான் சதுரத்தின் சிறப்பு. ஆகவே நல்ல எண் வரும் ஒரே ஒரு நிலையைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வது அழகல்ல. பின்னாத நிலை ஒன்று, முழுதும் பின்னிய நிலை ஒன்று, முழுக் கலவை நிலை ஒன்று என்று குறைந்தது மூன்று நிலைகளையாவது எடுங்கள். கலவை நிலைக்குத் தனிக் கருவி வேண்டாம். 00, 01, 10, 11 நான்கையும் சமமாகக் கலந்து ஓட்டினாலே போதும். இன்ஸ்ப்ரூக்கில் பத்து நிலைகளைச் சோதித்தார்கள்.

ஒவ்வொரு சூழலிலும் மூன்று அளவீடுகளை ஆறு ஒழுங்குகளில் அடுக்கலாம், மொத்தம் 36 சுற்றுகள். எல்லாவற்றையும் ஓட்டுங்கள். கடைசியாக வரும் அளவீட்டில் பிழை கூடுதலாகச் சேர்ந்திருக்கும். ஒரே ஒழுங்கில் மட்டும் அளந்தால் அந்தச் சுமை எப்போதும் ஒரே கட்டத்தின் தலையில் விழும்.

படி 6: ஒத்துப்போகிறதா என்று தனியாகச் சோதியுங்கள்

கோட்பாட்டில் இ0-வும் 0இ-யும் ஒன்றையொன்று கலைக்காது. கருவியில் கொஞ்சமாவது கலைக்கும். ஆகவே மூன்று துணைச் சோதனைகள். இ0-வை அடுத்தடுத்து இரண்டு முறை அளந்து பாருங்கள். எத்தனை சதவீதம் விடை மாறுகிறது? அப்புறம் இ0, 0இ, மறுபடி இ0. மாறும் சதவீதம் கூடியிருக்கிறதா? கூடியிருந்தால் அந்த வித்தியாசம்தான் 0இ செய்த சேதம். பிறகு நடுவில் ஒத்துப்போகாத எ0-வை வைத்துப் பாருங்கள், பாதிக்குப் பாதி மாற வேண்டும். மாறவில்லை என்றால் உங்கள் அளவீடு உண்மையில் அளக்கவே இல்லை. இந்த மூன்றாவது சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கிடைத்த சேதத்தை மூடி மறைக்க வேண்டாம். அதைச் சமனிலியின் எல்லைக்குள்ளேயே கொண்டுவாருங்கள்: கலைப்பு எவ்வளவோ, அந்த அளவு 4 என்ற எல்லை மேலே ஏறும். ஏறிய எல்லையையும் உங்கள் தொகை தாண்டினால்தான் மீறல்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஐங்கோணச் சோதனையில் இருக்கிறது. வியன்னா குழு 2011-ல் ஒற்றை ஃபோட்டானை மூன்று பாதைகளில் விட்டு அதைச் செய்தது. ஐந்தாவது ஜோடியை அளக்கும்போது வட்டம் மூடி, முதல் அளவீடு திரும்ப வர வேண்டும். ஆனால் அதற்குள் ஒளியியல் அமைப்பு மாறிவிட்டது. தொடக்கத்தில் இருந்த முதல் அளவீடும் கடைசியில் வருவதும் ஒன்றுதான் என்று எப்படிச் சொல்வது? அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. இரண்டையும் வெவ்வேறு அளவீடுகளாகவே வைத்து, இரண்டும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதையும் அளந்து, ஆறாவது உறுப்பாகச் சமனிலியில் சேர்த்தார்கள். எல்லை −3-இலிருந்து சுமார் −3.08-க்கு நகர்ந்தது. கிடைத்த எண் −3.893. இதைவிட நேர்மையான கணக்கு இந்தத் துறையில் குறைவு.

படி 7: எண்ணிக்கை

ஒரு சூழலுக்கு 1,000 முறை ஓட்டி, சராசரி 0.9 வந்தால் அதன் பிழை சுமார் 0.014. ஆறையும் கூட்டினால் தொகை 5.40, பிழை சுமார் 0.034. புள்ளிவிவரத்துக்கு இது தாராளம். லட்சக்கணக்கில் ஓட்டிப் பிழையைச் சுருக்குவதில் பெரிய லாபம் இல்லை, ஏனெனில் உங்கள் உண்மையான எதிரி படி 6-ல் வந்த கலைப்பு. அதை எத்தனை முறை ஓட்டினாலும் குறைக்க முடியாது. வாசிப்புப் பிழையைக் கணக்கால் திருத்தும் வசதி இருந்தால், திருத்தாத எண்ணை முதலில் எழுதுங்கள். திருத்தியதை வேண்டுமானால் பக்கத்தில் போடலாம்.

படி 8: எதை முடிவாக எழுதலாம், எதை எழுதக்கூடாது

ஃபோட்டான் சோதனையில் வழியிலேயே பல ஃபோட்டான்கள் தொலையும். கிடைத்தவை எல்லாவற்றுக்கும் சரியான பிரதிநிதி என்று நம்பித்தான் மேலே போக முடியும். அயனிகளிலும் மீக்கடத்திச் சுற்றுகளிலும் ஒவ்வொரு முறையும் விடை வந்துவிடுவதால் இந்த ஓட்டை இல்லை. ஒத்துப்போதல் ஓட்டையை அடைக்க ஒரு வழி, இரண்டு அளவீடுகளை இரண்டு தனி அயனிகளின் மீது செய்வது. சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் இட்டர்பியம்-171, பேரியம்-138 என்று இரண்டு வகை அயனிகளைப் பயன்படுத்தி, 2022-ல் இரண்டு ஓட்டைகளையும் சேர்த்து அடைத்தார்கள். ஒன்றைப் படிக்கும் லேசரின் அலைநீளம் மற்றதைத் தொடாது.

நினைவாற்றல் இன்னொரு விஷயம். தனக்கு முன்னால் எதை அளந்தார்கள் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளும் ஒரு சாதாரண இயந்திரம் இந்தச் சதுரத்தை ஏமாற்றிவிடும். மூன்று உள்நிலைகள் இருந்தாலே போதும், ஆறு நிபந்தனைகளும் நிறைவேறும். ஆகவே வரிசையாக அளக்கும் சோதனை, நினைவில்லாத முன்தீர்மான விடைகளைத்தான் விலக்குகிறது. 'எல்லா மறைவான காரணங்களையும் ஒழித்துவிட்டோம்' என்று எழுதாதீர்கள். ஒன்று சுவாரசியம்: இரண்டு கியூபிட்களின் எல்லாத் தொடர் அளவீட்டு விடைகளையும் போலி செய்ய, அந்தக் கியூபிட்கள் தாங்கக்கூடிய 2 பிட்டைவிட அதிக நினைவு வேண்டும் என்று 2011-ல் நிறுவப்பட்டிருக்கிறது.

துல்லியம் பற்றிய ஆட்சேபம் பழையது. எந்தத் திசையையும் முழுத் துல்லியமாக அளக்க முடியாது என்பதால், கோச்சென், ஸ்பெக்கர் சொன்ன திசைகளுக்கு மிக அருகிலிருக்கும் வேறு திசைகளுக்கு விடை எழுதிவைத்துத் தப்பிக்கலாம் என்று டேவிட் மேயர் 1999-ல் காட்டினார். அன்றைக்கு இது பெரிய சர்ச்சை. சராசரிகளைக் கொண்ட சமனிலிகள் இந்தக் கத்தியைப் பெரிதும் மழுக்கிவிட்டன என்பது என் கருத்து. ஆனால் எல்லோரும் இதை ஏற்பதில்லை. ராபர்ட் ஸ்பெக்கன்ஸ் 2005-ல் வேறு வரையறையே கொண்டுவந்தார்: புள்ளிவிவரத்தில் எந்த விதத்திலும் பிரித்தறிய முடியாத இரண்டு செயல்முறைகளுக்கு, அடியிலுள்ள விளக்கமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இந்தப் பாதையில் போனால் 'அதே அளவீடு' என்பதைச் சுற்றைப் பார்த்து அல்ல, தரவைப் பார்த்தே நிறுவலாம். 2016-ல் அவர் பங்கேற்ற ஒரு ஃபோட்டான் சோதனை அதைத்தான் செய்தது.

ஆகவே அறிக்கையில் இவை இருந்தால் போதும்: ஒவ்வொரு தொடக்க நிலைக்கும் திருத்தாத தொகை, கலைப்பைச் சேர்த்து உயர்த்திய எல்லை, தொகுத்த பிறகான ஒன்பது சுற்றுகள், 36 ஒழுங்குகளின் தனித்தனி சராசரிகள். கடைசி நிரை மட்டும் மற்ற ஐந்தைவிடப் பலவீனமாகத் தெரிந்தால் முதலில் ஒஒ-வைப் பாருங்கள். இரண்டு கட்டுப்படுத்திய ஒய் வாயில்களை உடைத்து எழுதும்போது கருவிக்குக் கூடுதல் சுழற்சிகள் தேவைப்படும், குறிப் பிழை நுழைவதும் பெரும்பாலும் அங்கேதான்.